காவல் நாய்களுக்குக் காணும் சளியும் இருமலும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள மணலூர்பேட்டையிலும், அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், நெல், கரும்பு, மணிலாக்கொட்டை முதலியவற்றைப் பயிரிடும் குடியானவர்களில் பலர் நாய் வளர்த்து வருகின்றனர். களத்துமேட்டில் குவித்த தானியத்திற்கும், தோட்டத்து மோட்டார்க் கொட்டகைக்கும், கிடையில் மடக்கிய ஆடுகளுக்கும் இரவு முழுவதும் காவல் நிற்பது நாயேயாம். காட்டுப்பன்றி கரும்புத் தோட்டத்தில் புகும்போது முதலில் குரல் கொடுப்பதும் அதுவே. இவ்வளவு உபகாரமான பிராணிக்கு வியாதி கண்டால், மாட்டுக்குக் காட்டும் கவனத்தில் காற்பங்கும் காட்டாதிருப்பது வழக்கமாயிருக்கிறது. மூக்கு ஒழுகி இருமினால், "பனியில் படுத்தது, சளி பிடித்துவிட்டது, தானே தெளியும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அவ்வாறு விடப்பட்ட நாய்களிற் பல, சொன்னபடியே இரண்டு வாரத்தில் தெளிந்துவிடுகின்றன. சிலவோ மாதமொன்று செல்வதற்குள் வலிப்புக் கண்டு மடிகின்றன. காரணம் யாதெனில், தொடக்கத்தில் ஒரே முகத்தோடு தோன்றும் வியாதிகள் இரண்டு உள்ளன. ஒன்று எளியது, மற்றொன்று கொடியது. கொடியதற்கு, வந்தபின் நேரான மருந்து கிடையாது. வருமுன் தடுக்கும் ஊசியோ உண்டு. ஆகையால் இவ்விரண்டையும் முதல் வாரத்திலேயே பகுத்தறிவதும், குட்டிப் பருவத்திலேயே தடுப்பூசி போடுவிப்பதும் நாய் வளர்ப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயங்களாகும்.

பனியும் தொத்தும்

மார்கழி, தை மாதங்களில் நாய்களுக்கு இருமல் காண்பதால் பனியே அதற்குக் காரணம் என்று எண்ணுவது இயல்பு. ஈரமும் குளிரும் உடலின் பலத்தைக் குறைப்பது மெய்யே. எனினும் வியாதியை உண்டாக்குவன கண்ணுக்குத் தோன்றாத கிருமிகளாம். இருமும் நாயின் வாயிலிருந்து தெறிக்கும் நீர்த்திவலையாலும், மூக்கோடு மூக்கு வைத்து முகர்வதாலும், ஒரே சட்டியில் உண்பதாலும் குடிப்பதாலும் அவை பிற நாய்களைப் பற்றுகின்றன. மனிதருக்கு வரும் சாதாரண ஜலதோஷம் வேறு கிருமிகளால் உண்டாவது. வீட்டாருக்குத் தும்மல் கண்டதனால் நாய்க்கும் வந்தது என்பது பொருந்தாது.

எனவே, எங்கே நாய்கள் பல ஒன்றுகூடுகின்றனவோ அங்கே தொத்து மிகும். தை மாதம் 5ஆம் நாள் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டைக்கு எழுந்தருளும் ஆற்றுத் திருவிழாவைப் போன்ற பெருங்கூட்டங்களில், சிந்திய உணவை நாடிப் பல ஊர் நாய்களும் ஓரிடத்திற் சேர இடமுண்டு. வயலுக்கு வயல் பெயரும் ஆட்டுக்கிடையோடு செல்லும் நாய்களும் ஊர்தோறும் பிற நாய்களோடு கலக்கின்றன. வெள்ளக் காலமும் இத்தகையதே. 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெஞ்ஜல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து பெருநீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டது. இப்படிப்பட்ட காலங்களில் மேடான இடங்களில் மனிதரோடு நாய்களும் நெருங்கித் தங்க நேரிடும். அதன் பின் பத்து, பதினைந்து நாட்கள் தம் நாயைக் கூர்ந்து கவனித்து வருதல் நன்று.

எளிய இருமல்

முதலாவது வியாதியை மேல்நாட்டார் நாய்க்கொட்டில் இருமல் என்பார்கள். பல நாய்களை ஒரே கொட்டிலில் அடைக்கும் இடங்களில் இது விரைந்து பரவுவதால் இப்பெயர் பெற்றது. இது ஒரே கிருமியின் செயலன்று. பாராஇன்புளூயன்சா, அடினோ என்னும் வைரஸ்களும், போர்டெடெல்லா என்னும் பாக்டீரியாவும், வேறு சிலவும் தனித்தோ கூடியோ இதனை விளைவிக்கின்றன. இந்தப் போர்டெடெல்லாவானது குழந்தைகளுக்குக் கக்குவான் இருமலைத் தரும் கிருமியின் நெருங்கிய இனமாகும். பன்றிக்கும் முயலுக்கும் பூனைக்குங்கூட இது தொத்தும். ஆதலால் பண்ணையில் அவற்றையும் வளர்ப்போர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

தொத்திய 3 முதல் 10 நாட்களுக்குள் இருமல் தொடங்கும். அது வறண்ட, உரத்த, வாத்தின் குரலை ஒத்த இருமல். இருமலின் முடிவில் நாய் கழுத்தை நீட்டிக் குமட்டி வெண்ணுரையைக் கக்கும். கயிற்றை இழுத்தாலும், ஓடினாலும், குரைத்தாலும் இருமல் அதிகரிக்கும். ஆயினும் நாய் தீனி எடுக்கும், வாலை ஆட்டும், கண்கள் தெளிவாயிருக்கும், சுரம் இராது, இருந்தாலும் சொற்பமே. பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களுக்குள் இது தானே தணிந்துவிடும். சிறு குட்டிகளுக்கும், கிழ நாய்களுக்கும், மெலிந்தவற்றிற்கும் மாத்திரம் நுரையீரலுக்கு இறங்கி ஆபத்தாகக் கூடும்.

நாய்களுக்கென்றே அமைந்த இன்புளூயன்சாவும் உண்டு. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் பந்தய நாய்களிடம் காணப்பட்ட வகை குதிரைகளிடமிருந்து வந்தது. பின்னர்க் கொரியாவில் தோன்றிய வேறொரு வகை பறவைகளிடமிருந்து வந்தது. பிராணிகள் பலவற்றை நெருக்கமாக வைத்தால் ஓரினத்தின் நோய் மற்றோரினத்திற்குத் தாவக் கூடும் என்பதற்கு இவை சான்றாகும்.

கொடிய வியாதி

இரண்டாவது வியாதிக்கு டிஸ்டெம்பர் என்று பெயர். இதனை உண்டாக்கும் வைரஸ் மனிதரின் தட்டம்மைக்கும், முற்காலத்தில் மாடுகளைக் கொள்ளை கொண்ட வெக்கை நோய்க்கும் உறவு முறையானது. எனினும் இது மனிதருக்கோ மாடுகளுக்கோ வியாதியைத் தருவதில்லை. தாய்ப்பாலினால் வந்த பாதுகாப்புக் குறையும் 3 முதல் 6 மாதக் குட்டிகளே இதற்கு அதிகமாக இரையாகின்றன. ஊசி போடாத நாய் எவ்வயதினதாயினும் தப்புவதற்கு உறுதியில்லை.

தொத்திய சில நாட்களில் முதற் சுரம் காணும். அது ஓரிரு தினங்களில் தணிவதால் வளர்ப்போர் அறிவதில்லை. சில நாட்களுக்குப் பின் இரண்டாம் சுரம் வரும். அப்பொழுது கண்ணிலும் மூக்கிலும் முதலில் நீரும், பின்பு மஞ்சளும் பச்சையுமான சீழும் வடியும், இமைகள் ஒட்டிக்கொள்ளும், இருமல், வாந்தி, கழிச்சல் ஆகியவை சேரும், நாய் தீனியை வெறுத்து மூலையில் ஒடுங்கும். வயிற்றின் மயிரற்ற தோலில் சிறு கொப்புளங்கள் தோன்றுவதும், மூக்கும் பாதத்து அடித்தோலும் தடித்து வெடிப்பதும் சிலவற்றில் உண்டு.

இதனோடு முடிந்தால் பிழைத்ததென்று எண்ணலாகாது. தேறியது போலத் தோன்றிய நாய்க்கு, ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குப் பின் மூளையும் நரம்புகளும் தாக்கப்படலாம். தாடை மெல்லுவது போல அடித்துக்கொள்ளுதல், ஒரு கால் ஓயாது துடித்தல், வலிப்பு, பின்னங்கால் விழுதல் ஆகியவை அதன் குறிகள். இந்நிலையை அடைந்தவற்றில் பல இறக்கின்றன. பிழைத்தவற்றிலும் சிலவற்றிற்குத் துடிப்பு ஆயுள் முழுவதும் நிற்கும்.

அறிஞரும் மயங்கிய கதை

இவ்விரு வியாதிகளையும் குடியானவர்கள் ஒன்றாகக் கருதுவதில் வியப்பொன்றுமில்லை. ஆராய்ச்சியாளர்களே நெடுநாள் மயங்கியிருந்தனர். மனிதரின் அம்மைக்குத் தடுப்பு முறை கண்ட ஜென்னர் என்பவர் 1809ஆம் ஆண்டில் டிஸ்டெம்பரின் குறிகளை விவரித்து எழுதினார். 1905இல் கார்ரே என்னும் பிரெஞ்சுக் கால்நடை வைத்தியர், நுண்ணிய வடிகட்டியிலும் புகுந்து செல்லும் வைரஸே இதற்குக் காரணம் என்று காட்டினார். ஆனால் 1910இல் அமெரிக்காவில் ஃபெர்ரி என்பவர், நோயுற்ற நாய்களின் சுவாசக் குழாயில் இப்போது போர்டெடெல்லா எனப்படும் பாக்டீரியாவைக் கண்டு, அதுவே டிஸ்டெம்பரின் வித்து என்று கொண்டார். கார்ரேயின் கூற்று அதன்பின் பல ஆண்டுகள் ஐயத்திற்குள்ளாயிருந்தது. இலண்டனை அடுத்த மில்ஹில் ஆராய்ச்சிசாலையில் லெய்ட்லா, டன்கின் என்னும் இருவர் 1920களில் செய்த சோதனைகளாலேயே வைரஸே மெய்யான காரணம் என்பது நிலைபெற்றது. தடுப்பூசியும் அவர்களால் ஆக்கப்பட்டது. அச்சோதனைகளுக்கு அவர்கள் பயன்படுத்திய ஃபெரெட் என்னும் சிறு பிராணியைக் கொண்டே 1933இல் மனிதரின் இன்புளூயன்சா வைரசும் அதே ஆராய்ச்சிசாலையில் கண்டறியப்பட்டது. நாயின் சளியை ஆராய்ந்ததனால் மனித குலத்திற்கும் நன்மை விளைந்தது.

பகுத்தறியும் விதம்

இருமும் நாயை வளர்ப்போர் நாள்தோறும் காலையில் ஐந்து விஷயங்களைக் கவனித்து ஒரு தாளில் குறித்துவர வேண்டும்.

முதலாவது, தீனி. இருமினும் தின்னும் நாய்க்கு அவசரமில்லை. ஒரு நாள் முழுவதும் தின்னாத நாயை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, கண்ணும் மூக்கும். தெளிந்த நீர் வடிந்தால் பொறுத்துப் பார்க்கலாம். சீழ் போல் தடித்து வடிந்தால் பொறுக்கலாகாது. ஒரு நாசியில் மாத்திரம் வடிந்தால் புல்லின் கூரிய விதை உள்ளே புகுந்திருக்கக் கூடும். மூக்கிலிருந்து இரத்தம் வந்தால், உண்ணிகளால் பரவும் சுரத்தையும் ஐயுற வேண்டும்.

மூன்றாவது, சுரம். நாயின் இயல்பான உஷ்ணம் பாரன்ஹீட் 101 முதல் 102.5 டிகிரி வரையில் ஆகும். மனிதரைத் தொடுவதைவிட நாயின் உடல் எப்பொழுதும் சூடாகவே இருப்பதால், கையால் தொட்டு அறிய இயலாது. ஆசனவாயில் வெப்பமானி வைத்தே அறிதல் வேண்டும். 103க்கு மேற்பட்டால் சுரமெனக் கொள்ளலாம்.

நான்காவது, மூச்சு. நாய் படுத்து அமைதியாயிருக்கையில் விலாவின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். 30க்கு உட்பட்டிருப்பது இயல்பு. 40ஐக் கடந்தாலும், வயிற்றை உந்தி மூச்சு வாங்கினாலும், நாவும் ஈறும் நீலம் பாய்ந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஐந்தாவது, வயது. 6 மாதத்திற்கு உட்பட்ட, ஊசி போடாத குட்டிக்கு இருமலோடு கழிச்சலும் கண்டால், மற்றக் குறிகளுக்காகக் காத்திராமல் டிஸ்டெம்பரென்றே ஐயுற்று நடப்பது விவேகம்.

வாயினுள் கையிடலாகாது

கழுத்தை நீட்டிக் குமட்டும் நாயைக் கண்டவுடன், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வாயைத் திறந்து விரலை விடுவது பலரது வழக்கம். இது உயிருக்கே ஆபத்தான செய்கையாகும். ஏனெனில் வெறிநாய்க்கடி நோய் கண்ட நாயும் குரல் மாறி, தாடை தொங்கி, உமிழ்நீர் ஒழுக்கி, விழுங்க மாட்டாமல், எலும்பு சிக்கியது போலவே தோன்றும். அந்த உமிழ்நீர் கையிலுள்ள சிறு கீறலில் பட்டாலும் நோய் பற்றலாம். பற்றி வெளிப்பட்டபின் அது ஏறக்குறைய எப்பொழுதும் மரணத்தில் முடிவதே. நாய் விழுங்க முடியாமல் நீர் ஒழுக்கினால், தனியே அடைத்து வைத்துக் கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். எவருக்கேனும் உமிழ்நீர் புண்ணிற் பட்டிருந்தால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்வது கட்டாயமாகும்.

பராமரிப்பு

இருமும் நாயைப் பிற நாய்களினின்றும் பிரித்து, காற்று வீசாததும் ஈரமற்றதுமான இடத்தில், தரையின் மேல் பலகையோ வைக்கோலோ பரப்பிக் கோணிப்பை விரித்துப் படுக்க விட வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் கொசுவுக்காகப் போடும் மூட்டத்தின் புகை சுவாசக் குழாயை மேலும் புண்படுத்தும். ஆதலால் அங்கே கட்டலாகாது. கழுத்துக் கயிற்றுக்குப் பதிலாக மார்பைச் சுற்றிய வார் கட்டினால் இருமல் குறையும். மூக்கடைத்த நாய் மணம் அறியாமையால் தின்ன மறுக்கும். கஞ்சியையோ குழைந்த சோற்றோடு கலந்த இறைச்சிச் சாற்றையோ வெதுவெதுப்பாக வைத்தால் மணம் எழுந்து தின்னும். கண்ணையும் மூக்கையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாளைக்கு மூன்று முறை துடைக்க வேண்டும். நல்ல தண்ணீர் எந்நேரமும் அருகிலிருக்க வேண்டும். நோய்ப்பட்ட நாயைத் தொட்டவர் கை கழுவி, உடை மாற்றிய பின்னரே மற்ற நாய்களிடம் செல்ல வேண்டும். இருமல் நின்ற பிறகும் இரண்டு வாரம் பிரித்து வைப்பது உசிதம். டிஸ்டெம்பர் கண்டு பிழைத்த நாயோ பல வாரங்கள் வரை கிருமியை வெளிவிடுவதால், எப்பொழுது சேர்க்கலாம் என்பதை வைத்தியரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

செய்யத்தகாதவையும் சில உண்டு. சுரத்திற்கு மனிதர் உண்ணும் பாராசிட்டமால், இபுபுரோபன் மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் நாய்க்குக் கொடுப்பது ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சளிக்கு நல்லதென்று வெங்காயத்தையும் பூண்டையும் அரைத்துப் புகட்டினால், நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் அழிந்து சோகை உண்டாகும். கர்ப்பூரம் கலந்த தைலத்தை மார்பில் தடவினால் நாய் அதை நக்கி விஷமாக்கிக் கொள்ளும். மாட்டுக்குப் போல மூங்கில் குழாயால் எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றினால், அது நுரையீரலுக்குள் இறங்கி, எளிய இருமலையும் மரணத்தில் முடிக்கும். எளிய இருமலுக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை; ஓய்வே போதும். டிஸ்டெம்பருக்கு வைரசைக் கொல்லும் மருந்தில்லை. நீரேற்றியும், உடன் சேரும் பாக்டீரியாவுக்கு மருந்தளித்தும், வலிப்பைத் தணித்தும் வைத்தியர் உயிரைத் தாங்குகிறார். அத்தாங்குதல் முன்னதாகக் கிடைப்பதே நாய் பிழைப்பதற்குரிய வழி.

தடுப்பூசி

விவசாயிகளிடையே நிலவும் ஒரு தவறான எண்ணம் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. முகாமில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிட்டால் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று கருதுகிறார்கள். அந்த ஊசி வெறிநோய் ஒன்றையே தடுக்கும். டிஸ்டெம்பருக்கு அதனால் பயனில்லை. அதற்குக் கூட்டுத் தடுப்பூசி என்பது வேறாக உள்ளது. டிஸ்டெம்பர், அடினோ வைரஸ் நோய், பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல், பாராஇன்புளூயன்சா ஆகியவற்றை ஒருங்கே தடுக்கும் இவ்வூசியின் சில வகைகளில் எலிக்காய்ச்சல் தடுப்பும் சேர்ந்திருக்கும். கழனியிலும் கரும்புத் தோட்டத்திலும் சேற்றில் உழைப்பவருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடுமாதலால், நாய்க்கு அதைத் தடுப்பது வீட்டாருக்கும் ஓரளவு பாதுகாப்பாகும்.

முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில் போடப்படும். பின்பு குட்டிக்கு 16 வாரம் நிரம்பும் வரையில் 3, 4 வாரங்களுக்கு ஒரு முறை திரும்பவும் போட வேண்டும். ஒன்றே போதாதோ என்று கேட்பவர்களுக்குச் சமாதானம் யாதெனில், தாயிடமிருந்து வந்த பாதுகாப்புப் பொருள் குட்டியின் இரத்தத்தில் உள்ளவரையில் அது ஊசி மருந்தையும் செயலற்றதாக்கும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆதலால் இடைவெளி விடாமல் திரும்பத் திரும்பப் போட நேரிடுகிறது. ஒரு வயதில் மீண்டும் ஒன்று போட்டு, அதன் பின் வைத்தியர் குறிக்கும் காலத்திற் போட்டு வர வேண்டும். இம்மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையான குளிர்ச்சியில் இருத்தல் அவசியம். வெள்ளிமலை, கரியாலூர் போன்ற கல்வராயன் மலையூர்களுக்குக் கொண்டுபோகும்போது பனிக்கட்டிப் பெட்டியிலேயே கொண்டுபோக வேண்டும். வெயிலில் சூடேறிய மருந்து ஊசியாகப் போடப்பட்டாலும் காவாது.

கிராம உத்தியோகஸ்தர்களும் உள்ளூர் நிர்வாகத்தாரும்

ஊரில் ஒரே வாரத்தில் பல நாய்கள் இருமினாலும் இறந்தாலும், கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சி அல்லது பேரூராட்சியாரும் அதனைக் கால்நடை மருந்தகத்திற்கு உடனே தெரிவிப்பது நலம். கள்ளக்குறிச்சிக்கு அடுத்த சேலம் மாவட்டத்துத் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய கல்லூரியும் உள்ளது. ஐயத்திற்கிடமான சமயங்களில் மருந்தகத்து வைத்தியர் மூலமாக மேல் சோதனைக்கு வழி கேட்கலாம். இறந்த நாயை ஆற்றிலோ ஓடையிலோ எறியாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்கச் செய்ய வேண்டும். டிஸ்டெம்பர் கிருமி வெயிலுக்கும், உலர்ச்சிக்கும், சோப்பு நீருக்கும் விரைவில் அழிவதாதலால், நாய் கிடந்த இடத்தைக் கழுவி வெயிலில் காயவிட்டாலே பெரும்பயன் உண்டு. வலிப்புக் கண்ட நாயையெல்லாம் வெறிநாயென்று அடித்துக் கொல்வது முறையன்று, சட்டத்திற்கும் விரோதம். தூரவே நின்று அடைத்து வைத்து, வைத்தியரை அழைத்துக் காரணத்தை அறியச் செய்வதே தக்கது. வெறிநோய்த் தடுப்பு முகாம்களுக்கு இருமும் நாயைக் கூட்டத்தில் நிறுத்தாமல், தேறியபின் தனியே கொண்டுவந்து தவறாது ஊசி போடுவிக்கச் செய்யலாம்.

மலையடிவார ஊர்களுக்கு இன்னுமொரு பொறுப்பு உண்டு. டிஸ்டெம்பர் நரி முதலிய காட்டு விலங்குகளையும் பற்றும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் 1994ஆம் ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் இதனால் மாண்டன. சுற்றுக் கிராமங்களின் நாய்களிடமிருந்தே அது காட்டிற் புகுந்ததெனக் கருதப்பட்டது. குஜராத்தின் கிர் வனத்தில் 2018ஆம் ஆண்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும், பரிசோதனையில் டிஸ்டெம்பர் வைரஸ் காணப்பட்டது. காட்டோரத்து ஊர்களில் நாய்களுக்கு ஊசி போடுவது காட்டுக்கும் காவலாகும்.

இதன் உறவான வெக்கை நோய் பல தலைமுறைகளாக உழவு மாடுகளை அழித்து வந்தது. முக்தேசுவரத்து ஆராய்ச்சிசாலையில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920களில் ஆடுகளின் மூலம் ஆக்கிய தடுப்பு மருந்து தொடங்கி, படிப்படியாய் மேம்பட்ட ஊசிகளை விடாமற் போட்டதன் பயனாக, 2011ஆம் ஆண்டில் அந்நோய் உலகத்தினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மாட்டுக்குச் செய்த அம்முயற்சியை நாய்க்கு ஊரளவிலேனும் செய்யலாகும். குட்டி வாங்குவோர், அதன் ஊசி நாட்களை நாற்று விடும் நாளைப் போலக் குறித்து வைத்துத் தவறாமல் போடுவித்து, இருமல் கண்டால் மேற்கூறிய ஐந்து குறிகளையும் கவனித்து நடப்பார்களாயின், காவல் நாயை அகாலத்தில் இழக்கும் நஷ்டம் பெரிதும் குறையும்.